சாத்தாங்காட்டு வட்டாரம்: நிலமும் நீரும் வாழ்வும்

முன்னுரை

கி. பி. 1708ஆம் ஆண்டில் நவாபு தாவூத்கான், சென்னைக் கோட்டையில் வாணிகம் நடத்திவந்த கிழக்கிந்தியக் கம்பெனியார்க்கு ஐந்து ஊர்களைக் கொடையாக வழங்கினான். திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தாங்காடு என்பன அவ்வைந்தும் ஆம். அந்நாளில் கோட்டையின் ஆளுநராய் இருந்தவர் தாமஸ் பிட். 1717இல் முகலாயப் பேரரசர் பரூக்சியர் வழங்கிய ஆணை அவ்வுரிமையை உறுதி செய்தது. 1742இல் மேலும் ஐந்து ஊர்கள் கம்பெனியார் கைக்கு வந்தன; அவற்றுள் எர்ணாவூரும் சடையாங்குப்பமும் சாத்தாங்காட்டிற்கு அண்மையில் உள்ளவை.

ஒரே கொடையால் நகரத்தோடு பிணைக்கப்பட்ட ஊர்கள் ஒரே நிலையை எய்தவில்லை. நுங்கம்பாக்கம் தோட்ட மாளிகைகளும், வானாய்வுக் கூடமும், கல்லூரிகளும், அலுவலகங்களும் பெற்று நகரின் நடுவிடம் ஆயிற்று. சாத்தாங்காடு இரும்புக் கிடங்குகளும் சரக்கு வண்டிகளும் நிறைந்த இடமாயிற்று. இவ்வேறுபாடு நிலத்தின் இயல்பால் நேர்ந்ததா, அன்றி அந்நிலத்தைப் பிறர் பயன்படுத்திய முறையால் நேர்ந்ததா என்பது ஆராயத்தக்கது. சாத்தாங்காட்டை நடுவாகக் கொண்டு, இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள வட்டாரத்தின் நில அமைப்பு, தட்பவெப்பம், மக்கள், பொருளியல் ஆகியவற்றை வரலாற்று முறையில் நோக்கி அவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நில அமைப்பும் நீர்நெறியும்

இவ்வட்டாரம் கிழக்கே வங்கக் கடலையும், வடக்கே எண்ணூர்க் கழிமுகத்தையும், மேற்கே மணலி, மாதவரம் பகுதிகளையும், தெற்கே இராயபுரத்தையும் எல்லைகளாக உடையது. கடலை ஒட்டி ஒரு மணல்மேடு வடக்கு தெற்காக ஓடுகின்றது. திருவொற்றியூர்க் கோயிலும் பழைய குடியிருப்புகளும் அம்மேட்டின்மீது அமைந்தவை. மேட்டிற்கு மேற்கே நிலம் தாழ்ந்து செல்கின்றது. அத்தாழ்நிலத்தில்தான் பக்கிங்காம் கால்வாய் வெட்டப்பட்டது. கால்வாயின் மேல்புறத்தே சாத்தாங்காடும், அதற்கு அப்பால் மணலியும் உள்ளன.

நீர் செல்லும் வழியை அறிந்தாலன்றி இந்நிலத்தை அறிதல் இயலாது. கொசத்தலையாறு பூண்டியைக் கடந்து கிழக்கு நோக்கி வந்து எண்ணூரில் கடலோடு கலக்கின்றது. புழல் ஏரியின் மிகைநீர் வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையாங்குப்பம் வழியாக வந்து அவ்வாற்றினை அடைகின்றது. எண்ணூர்க் கழிமுகம் வடக்கே பழவேற்காட்டு ஏரியோடும் நீர்த்தொடர்பு உடையது. ஆகவே மழைக்காலத்தில் மேற்கிலிருந்து வரும் வெள்ளம் தங்கிப் பரவிக் கடலுக்கு வடியும் இடம் இவ்வட்டாரத்துத் தாழ்நிலமே. கோடையில் அந்நிலத்தில் கடல்நீர் ஏறி உவர் பூக்கும். ஆறு மாதம் நன்னீரும் ஆறு மாதம் உவர்நீரும் ஆளும் இந்நிலத்தை வருவாய்க் கணக்கர் பயிருக்கு உதவாத நிலம் என்று எழுதினர். ஆனால் உப்பும், இறாலும், மடவையும், நண்டும், கிளிஞ்சலும் தந்தது அந்நிலமே.

ஊர்ப்பெயரும் ஒரு குறிப்பைத் தருகின்றது. சாத்தன் என்பது ஐயனாரைக் குறிக்கும் பழம்பெயர். சாத்து என்பது வணிகர் கூட்டத்தைக் குறிக்கும் சொல். எப்பொருள் கொள்ளினும் பின்னொட்டாகிய ‘காடு’ என்பது ஐயத்திற்கு இடமின்றி நிற்கின்றது. மரமும் புதரும் மண்டிய மேய்ச்சல் நிலத்தின் ஓரத்தே எழுந்த ஊர் இது என்று கொள்ளலாம்.

தட்பவெப்பம்

சென்னையின் ஆண்டு மழையளவு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அதில் ஐந்தில் மூன்று பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றால் பெய்வது. எனவே ஆண்டின் பெரும்பகுதி வறட்சியும், மூன்று மாதம் வெள்ளமும் ஆகிய இருநிலையே இவ்வட்டாரத்தின் இயல்பு. மே மாதத்து வெம்மையைப் பிற்பகலில் வீசும் கடற்காற்றுத் தணிக்கும். அது வரத் தாழ்த்தால் வெப்பம் மிகும். 2003ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் சென்னையில் 45 பாகை செல்சியசு பதிவாயிற்று.

ஐந்தூர்களின் வேறுபாடு ஈண்டும் தோன்றுகின்றது. 1792இல் வானாய்வுக் கூடம் நிறுவப்பெற்ற இடம் நுங்கம்பாக்கம். இன்றும் ‘சென்னையின் வெப்பம்’, ‘சென்னையின் மழை’ என்று நாளிதழ்கள் கூறுவன நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் அளக்கப்படுவனவே. அவ்வளவைகள் வடபகுதி மழையின் அளவை ஓரளவு உணர்த்தலாம். ஆனால் அம்மழை எங்கே தேங்கிற்று என்பதை உணர்த்தா. 2015 டிசம்பரிலும், 2021 நவம்பரிலும், மிக்சாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் ஏரிகளின் நீரும் வானத்து நீரும் ஒருங்கே வந்து சேர்ந்த இடம் மணலிப் புதுநகரும் சடையாங்குப்பமும் சூழ்ந்த தாழ்நிலமே ஆகும்.

பழைய குடிவாழ்வு

இவ்வட்டாரத்தின் தொன்மைக்குத் திருவொற்றியூர்க் கோயிற் கல்வெட்டுகள் சான்று. அப்பர், சம்பந்தர், சுந்தரர் ஆகிய மூவராலும் பாடப்பெற்ற தலம் அது. சுந்தரர் சங்கிலியாரை மணந்த ஊர் என்பதும், பட்டினத்தார் அடங்கிய இடம் என்பதும் சைவ மரபு. பல்லவ மன்னன் அபராசிதன் காலம் தொட்டுச் சோழர் காலம் முடியவும், அதன் பின்னரும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் அங்கு உள்ளன. முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் அதன் தூங்கானைமாட விமானம் கருங்கல்லால் எடுக்கப்பெற்றது. 949இல் தக்கோலப் போரில் இறந்த சோழ இளவரசன் இராசாதித்தனுக்கு நண்பனாயிருந்த சேரநாட்டு வீரன் ஒருவன், துறவு பூண்டு சதுரானன பண்டிதர் என்னும் பெயரோடு இங்கு மடத்துத் தலைவன் ஆனான் என்று ஒரு கல்வெட்டுக் கூறுகின்றது. பாணினியின் இலக்கணம் கற்பிக்கும் மண்டபமும், அதன் காப்பிற்கு விடப்பட்ட நிலமும் இங்கு இருந்தன.

இச்செய்திகளைச் சமய வரலாற்றிற்கு மட்டும் உரியனவாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஒரு நுந்தா விளக்கு எரிக்க 90 ஆடுகள் விடப்பட்டன எனின், அவ்வாடுகள் மேயப் புல்நிலமும், அவற்றைக் காக்கும் இடையரும் அருகில் இருந்தனர் என்பது பெறப்படும். கோயிற் பொன்னை ஊரார் வட்டிக்குப் பெற்றனர் எனின், அவ்வட்டியைத் தரத்தக்க விளைவு அவர்களிடம் இருந்தது என்பதும் பெறப்படும். மேய்ச்சல், ஏரிப்பாசனம், கடல், கழி என்னும் நான்கும் சேர்ந்து ஒரு கோயில் நகரைத் தாங்கிய காலம் அது. விளைந்த பொருளின் ஒரு பகுதியேனும் இங்கேயே செலவாயிற்று. கல்வியும் கலையும் இங்கேயே வளர்ந்தன.

ஊரின் பெயருக்குத் தலபுராண மரபு கூறும் காரணம் ஒன்று உண்டு. ஊழிவெள்ளம் பெருகிய காலத்து இறைவன் அதனை அணுகவொட்டாது ஒற்றி விலக்கியமையால் ஒற்றியூர் ஆயிற்று என்பர். வெள்ளமும் கடலும் இவ்வூர் மக்கள் நினைவில் எத்துணை ஆழ்ந்து நின்றன என்பதற்கு அக்கதையே சான்றாகும்.

உப்பும் கால்வாயும்

கம்பெனியார் ஆட்சியில் இந்நிலத்தின் பயன் மாறியது. 1805இல் சென்னை மாகாணத்து உப்பு விற்பனை அரசின் தனியுரிமை ஆயிற்று. எண்ணூர், அத்திப்பட்டு, வல்லூர் ஆகிய இடங்களின் அளங்கள் நகருக்கு அண்மையில் இருந்தமையால் சிறப்புற்றன. ஏறத்தாழ அதே காலத்தில் பேசில் காக்ரேன் என்பார் சென்னையிலிருந்து எண்ணூர் வரை ஒரு கால்வாய் வெட்டுவித்தார். 1806இல் அது பயனுக்கு வந்தது. 1877, 1878ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சத்தில், கூலிக்கு உழைத்த மக்களைக் கொண்டு அக்கால்வாய்த் தொடர் விரிவுபடுத்தப்பட்டது. அந்நாளைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரும் அதற்கு இடப்பட்டது.

அக்கால்வாயில் உப்பு, விறகு, கிளிஞ்சல், நெல் ஆகியன ஏற்றிய படகுகள் தெற்கு நோக்கிச் சென்றன. சென்னை மாளிகைகளின் சுவர்களைப் பளிங்குபோல் மின்னச் செய்த சுண்ணச் சாந்து கடற்கிளிஞ்சலைச் சுட்டுச் செய்யப்பட்டது. வடபகுதியின் கழியில் கிடைத்த பொருள் தென்பகுதியின் மாளிகைக்கு அழகாயிற்று. 1872இல் புழல் ஏரி நகரின் குடிநீர் ஏரியாக்கப்பட்டது. 1944இல் கொசத்தலையாற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. இவ்விரண்டும் நகருக்கு இன்றியமையாதன என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவற்றால் நேர்ந்த மாறுதலையும் எண்ணவேண்டும். வறண்ட காலத்து நன்னீர் தெற்கே சென்றது. வெள்ளக்காலத்து மிகைநீர் மட்டும் வடக்கே வந்தது.

துறைமுகமும் கடலரிப்பும்

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. உருசியப் பேரரசு பசிபிக்குக் கரையில் 1860இல் நிறுவிய விளாடிவாஸ்டாக் நகரம் மலைகள் சூழ்ந்த விரிகுடாவில் அமைந்தது. அங்கே கப்பல்களுக்கு இடையூறு செய்வது குளிர்காலப் பனிக்கட்டி. சென்னையில் பனிக்கட்டி இல்லை. ஆனால் திறந்த கரையும் ஓயாத அலையும் உண்டு. கப்பல்கள் நெடுந்தொலைவில் நங்கூரம் இட, கயிற்றால் தைக்கப்பட்ட மசூலாப் படகுகளில் சரக்கும் மக்களும் அலை கடந்து கரை சேர்ந்தனர். அப்படகோட்டிகள் வாழ்ந்த பகுதிகளுள் ஒன்றே இராயபுரம். அங்குள்ள புனித இராயப்பர் கோயிலால் அப்பெயர் அமைந்தது. 1856இல் தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை இராயபுரத்திலிருந்தே புறப்பட்டது. இருவேறு இயல்புடைய இவ்விரு நகரங்களையும் கடல்வழியால் இணைக்க 2019இல் இந்தியாவும் உருசியாவும் உடன்பாடு செய்துகொண்டமை ஈண்டு நினைவுகூரத்தக்கது.

செயற்கைத் துறைமுகத்திற்கு 1875 டிசம்பரில் வேல்சு இளவரசர் அடிக்கல் நாட்டினார். 1881 நவம்பரில் ஒரு புயல் அலைதாங்கு சுவர்களைச் சிதைத்தது. மீண்டும் கட்டும் பணி 1896இல் முடிந்தது. பின்னர் 1904 முதல் 1919 வரை பொறுப்பில் இருந்த பிரான்சிசு சிபிரிங்கு காலத்தில் கிழக்கு வாயில் அடைக்கப்பட்டு வடகிழக்கில் புதுவாயில் அமைந்தது. மணல் வந்து வாயிலைத் தூர்த்தமையே அதற்குக் காரணம்.

அம்மணலின் இயக்கத்தைச் சிறிது விளக்குதல் வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலத்தில் அலைகள் கரையோரமாக மணலை வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவத்தில் அது தெற்கு நோக்கி நகர்கின்றது. இரண்டையும் கூட்டிக் கழித்தால் வடக்கே செல்லும் மணலே மிகுதி. கடலுக்குள் நீண்ட துறைமுகச் சுவர் அம்மணலைத் தடுத்தது. தடுக்கப்பட்ட மணல் சுவரின் தென்புறம் சேர்ந்து மெரினாக் கடற்கரையை அகலமாக்கியது. மணல் பெறாத வடகரையை அலைகள் அரித்தன. இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் ஆகியவற்றின் கரை நூறாண்டுக் காலத்தில் நூற்றுக்கணக்கான மீட்டர் உள்வாங்கியது. குப்பங்களின் வீடுகளும், வலை உலர்த்தும் மணற்பரப்பும், படகு ஏற்றும் இடமும் மறைந்தன. பாறைக்கற்களைக் கொட்டியும், தூண்டில் வளைவுகள் அமைத்தும் கரை காக்கப்படுகின்றது. கற்கள் கரையைக் காக்கும். ஆனால் கட்டுமரத்தை இழுத்தேற்ற இடம் தரா. தென்கரையில் மக்கள் உலாவும் மணலும் வடகரையில் மீனவர் இழந்த மணலும் ஒரே கணக்கின் வரவும் செலவும் ஆகும்.

ஆலைகளும் இரும்பும்

துறைமுகமும் இருப்புப்பாதையும் அருகே இருந்தமையாலும், நிலவிலை குறைவாய் இருந்தமையாலும் நாட்டு விடுதலையை ஒட்டிய காலத்தில் இங்குத் தொழில்கள் பெருகின. 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கிய தொழிலகமே பின்னாளில் எம். ஆர். எஃப். என்னும் டயர் நிறுவனமாய் வளர்ந்தது. 1955இல் திருவொற்றியூரில் என்பீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை எழுந்தது. எண்ணூரில் அசோக் லேலண்டு பெருவண்டிகளைச் செய்தது. 1969இல் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கியது. இந்திய அரசோடு அமெரிக்க, ஈரானிய நிறுவனங்களும் அதில் பங்கு கொண்டிருந்தன. 1971இல் உர ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை இயங்கிற்று. 1994இல் வடசென்னை அனல்மின் நிலையமும், 2001இல் எண்ணூர்த் துறைமுகமும் தொடங்கின. நிலக்கரியை இறக்குதலே அத்துறைமுகத்தின் முதல் நோக்கம். 2014இல் அது காமராசர் துறைமுகம் எனப் பெயர் பெற்றது.

சாத்தாங்காட்டின் இன்றைய உருவம் இத்தொடரில் தோன்றியது. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் ஜார்ஜ் டவுனின் குறுகிய தெருக்களில் இருந்த மொத்த வாணிகங்களை நகர்ப்புறத்திற்கு மாற்றும் கொள்கையை மேற்கொண்டது. காய்கறி, கனி, மலர் வாணிகம் 1996இல் கோயம்பேட்டிற்குச் சென்றது. இரும்பு, எஃகு வாணிகத்திற்குக் குறிக்கப்பட்ட இடம் சாத்தாங்காடு. கம்பி, தகடு, குழாய், உத்திரம் ஆகியன இங்கே இறங்கி, அளவிற்கு ஏற்ப வெட்டப்பட்டு, மீண்டும் ஏற்றப்படுகின்றன. சென்னையில் எழும் கட்டடங்கள் பலவற்றின் எலும்பு இவ்வூர் வழியாகச் செல்கின்றது. எடை போடுவோர், ஏற்றி இறக்குவோர், வெட்டுவோர், வண்டியோட்டிகள், எழுத்தர், தேநீர்க் கடையினர் எனப் பலர்க்குப் பிழைப்பு அளிப்பதும் இவ்வாணிகமே. இந்நன்மையைக் குறைத்து மதிப்பிடல் வரலாற்றிற்கு ஒவ்வாது.

ஆயினும் நன்மைக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டதையும் கூறவேண்டும். 2009இல் நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட மதிப்பீட்டில் மணலி 76.32 எண் பெற்று, மிகவும் மாசுற்ற தொழிற்பகுதிகளுள் ஒன்றாகக் குறிக்கப்பட்டது. அனல்மின் நிலையச் சாம்பல் கழியில் படிந்து ஆழத்தைக் குறைத்தது. 2017 சனவரியில் காமராசர் துறைமுகத்தின் அருகே இரு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் பரவியது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலித் தொழிற்பகுதியினின்று வெளிப்பட்ட எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, வீட்டுச் சுவர்களிலும் படகுகளிலும் வலைகளிலும் படிந்தது. நீர் பரவும் நிலத்தில் ஆலை அமைத்தால் ஆலைக்கழிவு நீரோடு பரவும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மக்கள்

இவ்வட்டாரத்தின் பழங்குடிகளுள் முதற்கண் கூறத்தக்கவர் பட்டினவர் எனப்படும் கடல் மீனவர். குப்பந்தோறும் ஊர்க்கூட்டம் உண்டு. வழக்குத் தீர்த்தலும் தொழில் முறை வகுத்தலும் அதன் கடமை. கழியில் மீன்பிடிப்போர் வேறு வகையினர். இடுப்பளவு நீரில் நின்று, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் தொழில் இன்னும் முற்றும் மறையவில்லை. பழவேற்காட்டு ஏரியில் இன்னார்க்கு இன்ன நாளில் இன்ன இடம் என்று முறை வைத்து மீன்பிடிக்கும் ‘பாடு’ என்னும் ஒழுங்கு உண்டு. பொதுநீரைப் பூசலின்றிப் பகிர்ந்துகொள்ளும் இவ்வறிவு ஏட்டில் எழுதப்படாத சட்டமாகும்.

இவர்களோடு துறைமுகக் கூலிகளாயும் ஆலைத் தொழிலாளராயும் வந்தோர் பலர். வட ஆர்க்காட்டு, செங்கற்பட்டுச் சிற்றூர்களிலிருந்தும், தெலுங்கு நாட்டிலிருந்தும் குடும்பங்கள் வந்தன. 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர் பலர் வடசென்னையில் குடியேறினர். இராயபுரத்தில் பார்சிகளின் தீக்கோயில் 1910இல் எழுந்தது. இன்று இரும்புக் கிடங்குகளிலும் கட்டடப் பணிகளிலும் பீகார், ஒடிசா முதலிய மாநிலத்தார் உழைக்கின்றனர். உழைப்பை நாடி வந்தோர் அனைவர்க்கும் இடந்தந்த வட்டாரம் இது.

இம்மக்கள் நகராட்சியுரிமை பெற்ற வரலாறு தனியே கருதத்தக்கது. நுங்கம்பாக்கம் நெடுங்காலம் முன்பே நகராண்மைக்குள் அடங்கியது. திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி ஆகிய நகராட்சிகள் 2011இல்தான் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டன. 1708இல் நிலம் நகர ஆட்சியின் கைக்கு வந்தது. அந்நிலத்து மக்கள் மாநகர மக்களாக எண்ணப்பட்டதோ 303 ஆண்டுகள் கழிந்த பின்னர்.

முடிவுரை

முதற்கண் எழுப்பிய வினாவிற்கு இனி விடை கூறலாம். நிலத்தின் இயல்பே சாத்தாங்காட்டின் நிலைக்குக் காரணம் என்பது பொருந்தாது. நுங்கம்பாக்கத்திலும் பெரிய ஏரி இருந்தது. அது தூர்க்கப்பட்டு, அவ்விடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. தாழ்நிலமும் ஏரியும் ஐந்தூர்க்கும் ஏறக்குறையப் பொதுவாயிருந்தன. வேறுபட்டது பயன்படுத்திய முறை. தெற்கே நிலம் குடியிருப்புக்கும் கல்விக்கும் ஒதுக்கப்பட்டது. வடக்கே நிலம் உப்பிற்கும், பின்னர்க் கரிக்கும், எண்ணெய்க்கும், இரும்பிற்கும் ஒதுக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் ‘பயனற்ற நிலம்’ என்ற சொல்லே அதற்கு வழிவகுத்தது.

அச்சொல் பிழையானது என்பதே இவ்வாராய்ச்சியின் முடிவு. கொசத்தலையாறும் புழல் மிகைநீரும் வடிவதற்கு அத்தாழ்நிலத்தைவிட வேறு இடம் இல்லை. அதனைத் தூர்க்கும் ஒவ்வோர் ஏக்கரும் வெள்ளத்தை மற்றோர் ஏக்கருக்கு ஏற்றுகின்றது. எனவே கழிமுகத்தையும், மிகைநீர்க் கால்வாயையும், எஞ்சிய உவர்நிலத்தையும் நகரின் நீர்நிலைகளாகவே கணக்கில் எழுதுதல் வேண்டும். சென்னை வரலாற்றைக் கோட்டையிலிருந்தும் மயிலையிலிருந்தும் தொடங்கி எழுதியோர் பலர். சாத்தாங்காட்டிலிருந்து தொடங்கி எழுதினால், நகரின் நீரும் மணலும் இரும்பும் எங்கிருந்து வந்தன, அவற்றின் விலையை யார் கொடுத்தனர் என்பது விளங்கும். குப்பங்களின் முதியோரிடத்தும் கழிமீனவரிடத்தும் இன்றும் வாய்மொழியாய் உள்ள செய்திகளைத் தொகுத்து, கல்வெட்டோடும் வருவாய்க் கணக்கோடும் ஒப்புநோக்குதல் தமிழாராய்ச்சி மாணவர் விரைந்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.